ராமானுஜனுக்குப் போர்வையைக் காட்டியது யார்?

திருவேங்கடம் மாதிரி ஓர் ஊரிலிருந்து ஒரு பையனோ பெண்ணோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சிக்குப் போனால் அது ஒரு ஆளின் பயணம் இல்லை. தெருவே கிளம்புகிறது. அத்தை பருப்புப்பொடி திரித்துக் கொடுப்பார். சித்தப்பா கோவில்பட்டி போய்க் கடலைமிட்டாய் வாங்கி வருவார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வரும், போகிற இடம் பிரிட்டன் என்றால் அது பால் பொருள், உள்ளே விடமாட்டார்கள் என்று கடைசி நேரத்தில் யாராவது சொல்லி, வழியனுப்ப வந்தவர்களே அதைத் தின்று தீர்ப்பார்கள் :-) பெட்டியை நாலு தடவை நிறுத்துப் பார்ப்பார்கள். இருபத்து மூன்று கிலோவைத் தாண்டியதும் முதலில் வெளியே வருவது புத்தகம். பொடி டப்பா அல்ல. சங்கரன்கோவில் ரோட்டில் ஒரு ஃபிளெக்ஸ் பேனரும் உண்டு.

சரி, இது அனுப்புகிற பக்கம். வாங்கிக் கொள்கிற பக்கத்தில் என்ன நடக்கிறது?

ஒரு மின்னஞ்சல் வரும். "உங்களை வரவேற்பதில் மகிழ்ச்சி, தேவையான தகவல் எல்லாம் இந்த இணைப்பில் உள்ளது." அவ்வளவுதான். இணைப்பைத் திறந்தால் நாற்பது பக்கம். அதில் நூலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று இருக்கும். இரவு பதினோரு மணிக்கு வந்து இறங்குகிறவர் முதல் ராத்திரி எங்கே படுப்பது என்று இருக்காது.

இதைக் குறையாகச் சொன்னால் ஊரிலும் ஒரு பதில் தயாராக இருக்கிறது, அங்கேயும் அதே பதில்தான். "படிக்கப் போனவன் சமாளிச்சுக்கிடுவான். அந்தக் காலத்துல ராமானுஜன் போகலையா?"

போனார். சமாளிக்கவில்லை. அவர் சமாளிக்க முடியாமல் போன கதையைத்தான் நூறு வருஷமாக சமாளித்த கதையாகச் சொல்லிக் கொண்டிருக்கிறோம்.

பலருக்குத் தெரிந்த பகுதியை வேகமாகக் கடந்துவிடலாம். 1887-இல் ஈரோட்டில் பிறப்பு, கும்பகோணத்தில் வளர்ப்பு, 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் குமாஸ்தா, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் ஹார்டிக்குக் கடிதம். ஹார்டி வரச் சொல்கிறார், இவர் தயங்குகிறார். 1914 தொடக்கத்தில் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்த நெவில் என்ற இளம் கணித ஆசிரியரிடம், அந்த மனிதரை எப்படியாவது அழைத்து வா என்று ஹார்டி சொல்லி அனுப்பியிருந்தார். நெவில் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் பதில் சொல்கிறார். பணத்துக்குக் கவலை வேண்டாம், உங்கள் ஆங்கிலம் போதும், பரீட்சை எழுதச் சொல்ல மாட்டோம், உங்கள் சைவ உணவுப் பழக்கத்தை மதிப்போம்.

அந்தக் கடைசி வாக்குறுதியில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். "மதிப்போம்." அதை உண்மையிலேயே காப்பாற்றினார்கள். யாரும் அவரை மாமிசம் தின்னச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மதிப்பது வேறு, ஒரு தட்டுச் சோறு கிடைக்க வழி செய்வது வேறு. கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர் சாப்பிடவில்லை. அறையிலேயே சமைத்தார். புளியும் தேங்காயெண்ணெயும் சென்னையிலிருந்து கப்பலில் வரவேண்டும். 1914 ஆகஸ்டில் உலகப்போர் தொடங்குகிறது; பிறகு காய்கறியும் பாலும் பழமும் கிடைப்பதே பாடாகிறது. கணக்கு நடு ராத்திரி வரை ஓடும், சமையல் நினைத்தபோது. உலகத்திலேயே பணக்காரக் கல்லூரிகளில் ஒன்று, ஒரு மேதையைக் கடல் தாண்டி வரவழைத்துவிட்டு, அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை அவருடைய சொந்த விஷயமாக விட்டுவிட்டது. இதற்கு மரியாதை என்று பெயர்!

அடுத்தது போர்வை. இது பிரசாந்த சந்திர மகலனோபிஸ் சொன்னது. பின்னாளில் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய அதே மகலனோபிஸ்தான், அப்போது கேம்பிரிட்ஜில் மாணவர். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் ராமானுஜனைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இது பதிவாகியிருக்கிறது. ராத்திரி குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன் என்று ராமானுஜன் சொல்கிறார். மகலனோபிஸ் படுக்கையைப் போய்ப் பார்க்கிறார். கம்பளிகள் இருக்கின்றன, வேண்டிய அளவுக்கு இருக்கின்றன. ஆங்கிலேயர் வழக்கப்படி மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்புப் போட்டு மூடியிருக்கிறது. அதைப் பிரித்து உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவர் கம்பளிகளின் மேலேயே படுத்து நடுங்கிக் கொண்டிருந்திருக்கிறார்.

இந்தக் கதையைச் சொன்னால் கூட்டத்தில் சிரிப்பு வரும். மேதைக்குப் போர்வை தெரியவில்லை பார் என்று. சிரிக்க வேண்டிய இடம் அது இல்லை. கும்பகோணத்தில் யார் கம்பளியை மெத்தைக்கு அடியில் செருகித் தூங்கினார்கள்? தெரியாததில் என்ன தப்பு? தப்பு, எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்தவர்கள் மேல். கம்பளி கொடுத்தாகிவிட்டது, கல்லூரியின் கடமை முடிந்தது. அதைச் சொல்லிக் கொடுக்க இன்னொரு இந்திய மாணவர்தான் தற்செயலாக வரவேண்டியிருந்தது.

இன்றைய "எல்லாத் தகவலும் இந்த இணைப்பில் உள்ளது" என்பதும் அந்த மாதிரி அடியில் செருகிய கம்பளிதான்.

ராமானுஜனுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1914 ஏப்ரல் 14 அன்று லண்டனில் இறங்கியபோது நெவில் காரோடு போய் அழைத்தார். சில நாள் லண்டனில் இந்திய மாணவர்கள் தங்கும் இடத்தில் வைத்திருந்துவிட்டு, கேம்பிரிட்ஜில் செஸ்டர்டன் சாலையில் இருந்த தன் வீட்டுக்கே கூட்டிப் போனார். நெவிலும் அவர் மனைவி ஆலிஸும் பார்த்துக் கொண்டார்கள். ஜூன் மாதவாக்கில் ஹார்டிக்குப் பக்கத்தில் இருக்க வசதி என்று கல்லூரி அறைக்கு மாறினார். அந்த வீட்டில் இருந்த சில வாரங்கள்தான் அவருக்கு இங்கிலாந்தில் கிடைத்த ஒழுங்கான வரவேற்பு. ஆனால் அது டிரினிட்டி கல்லூரியின் ஏற்பாடு இல்லை. ஒரு தம்பதியின் நல்ல மனசு. நல்ல மனசுக்காரர் வீட்டிலிருந்து பெட்டியைத் தூக்கிய நாளோடு ஏற்பாடும் முடிந்தது.

ஹார்டியும் கெட்டவர் இல்லை. அது இன்னும் சங்கடமான விஷயம். தான் ராமானுஜனிடம் எத்தனையோ விஷயங்களைக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை என்று பின்னாளில் அவரே ஒப்புக் கொண்டார்; பழைய தேற்றம் ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று நச்சரிப்பது அசட்டுத்தனமாகத் தோன்றியதாம், ஏனென்றால் அந்த மனிதர் கிட்டத்தட்ட தினமும் அரை டஜன் புதுத் தேற்றங்களைக் கொண்டுவந்து காட்டிக் கொண்டிருந்தார். கணக்கைப் பற்றியே இவ்வளவுதான் கேட்டார் என்றால், தூக்கம் வருகிறதா, வீட்டிலிருந்து கடிதம் வந்ததா என்று கேட்டிருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா? தினமும் ஆறு தேற்றம் வருகிறவரை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது வசதி. இன்றைக்கும் ஆராய்ச்சிக் கூடங்களில் இதுதான் அளவுகோல். பேப்பர் வருகிறதா? வருகிறது. அப்படியென்றால் ஆள் நன்றாக இருக்கிறார்.

1917 வசந்தத்தில் ராமானுஜன் படுத்தார். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்று, மெண்டிப் மலை, மேட்லாக், கடைசியில் லண்டன் பட்னி. காசநோய் என்று நினைத்து வைத்தியம். அந்தக் கால வைத்தியம் என்ன தெரியுமா? ஜன்னலைத் திறந்து வைத்துக் குளிர்ந்த காற்றில் படுக்கப் போடுவது. போர்வைக்குள் நுழையத் தெரியாமல் நடுங்கியவருக்கு! 1918 தொடக்கத்தில் லண்டன் சுரங்க ரயில் பாதையில் உயிரை விடப் போனார்; ரயில் நின்றதால் பிழைத்தார். போலீஸ் பிடித்தது, ஹார்டி போய்ப் பேசி மீட்டார். அதே 1918-இல்தான் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியும், அக்டோபரில் டிரினிட்டி ஃபெலோ பதவியும். பட்டம் கொடுக்கும் வேலையில் அந்த நிறுவனங்கள் பிரமாதமாக இயங்கின.

1994-இல் டி. ஏ. பி. யங் என்பவர் பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு, அது காசநோயாகவே இருந்திருக்காது, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். இந்தியாவில் இருந்தபோதே ராமானுஜனுக்கு இரண்டு முறை வயிற்றுக்கடுப்பு வந்திருந்தது. அதன் மிச்சமாக இருக்கலாம், கண்டுபிடித்திருந்தால் அன்றைக்கே குணப்படுத்தக் கூடியதுதான் என்பது அவர் வாதம். இது ஊகம், நிரூபணம் அல்ல. ஆனாலும் உறுத்துகிறது. "இதற்கு முன் உங்களுக்கு என்ன நோய் வந்திருக்கிறது, உங்கள் ஊரில் சாதாரணமாக என்ன வரும்?" என்று வந்து இறங்கிய மாதத்திலேயே ஒரு டாக்டர் உட்கார்ந்து கேட்டிருந்தால்?

1919-இல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் இறந்தார். வயது 32.

இன்றைக்கு இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் பிரிட்டனில் தங்கப் போகிறவர், காசநோய் இல்லை என்று அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். மருத்துவச் சேவைக்கென்று வருஷத்துக்கு இவ்வளவு என்று பெருந்தொகையை விசாவோடு முன்கூட்டியே கட்டவும் வேண்டும். ஆக, வருகிறவரிடமிருந்து நாட்டைக் காப்பாற்றும் வேலை கச்சிதமாக நடக்கிறது. நாட்டிடமிருந்து வருகிறவரைக் காப்பாற்றும் வேலை மட்டும் "சமாளிச்சுக்கிடுவான்" கணக்கில்.

அது போர்க்காலம், இப்போது காலம் மாறிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். கொஞ்சம் மாறியிருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. 1930-இல் அதே டிரினிட்டிக்கு இன்னொரு தமிழர் போனார், எஸ். சந்திரசேகர். 1983-இல் நோபல் பரிசு வாங்கியவர். அவர் போன மறு வருஷம், 1931 மே மாதம், இங்கே அவர் அம்மா இறந்தார். மகன் கட்டாயம் போகத்தான் வேண்டும் என்று உறுதியாக நின்ற அம்மா அவர். கப்பலில் வந்து சேர வாரக் கணக்காகும் காலம். இன்றைக்கு விமானம் ஒரு நாளில் கொண்டுவந்து விடும். ஆனால் டிக்கெட்டுக்குக் காசும், லீவுக்கு வழிகாட்டியின் அனுமதியும், திரும்பி உள்ளே வர விசாவும் ஒரே நாளில் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. "எய்யா, சாப்ட்டியா?" என்று தினமும் வீடியோவில் கேட்கிற அம்மாவிடம் "சாப்ட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்கிறவர்கள் இன்றும் உண்டு. முதல் சம்பளம் மாசக் கடைசியில்தானே வரும்.

அந்த முதல் மாசம்தான் கொடுமை. வங்கிக் கணக்குத் திறக்க வீட்டு முகவரி வேண்டும். வீடு வாடகைக்கு எடுக்க வங்கிக் கணக்கு வேண்டும். பிரிட்டனில் பல வீட்டுக்காரர்கள் உள்ளூரில் சம்பாதிக்கும் ஒருவர் ஜாமீன் தரவேண்டும் என்பார்கள். திருவேங்கடத்தில் கடை வைத்திருக்கும் அப்பாவின் கையெழுத்து அங்கே செல்லாது. ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் சான்று வேண்டும். சான்று தராத வீட்டுக்காரரிடம் மாட்டினால் அடுத்த காகிதம் எதுவும் நகராது. வானியற்பியலில் முனைவர் பட்டம் வாங்க வந்தவர் முதல் ஆறு வாரம் இந்த வட்டத்தைச் சுற்றிக் கொண்டிருப்பார். அந்த ஆறு வாரமும் ஆராய்ச்சிக் கணக்கில்தான் கழியும். மூன்று வருஷ உதவித்தொகையில் ஆறு வாரத்தைத் திருப்பித் தருகிறவர் யார்?

அப்படியும் எல்லாரும் எப்படியோ காலூன்றி விடுகிறார்களே என்றால், அதற்குக் காரணம் சீனியர்கள். விமான நிலையத்துக்கு வருகிறவர் ஒரு தமிழ் சீனியர். சோபாவில் இரண்டு வாரம் படுக்க இடம் கொடுப்பவர் அவர். பழைய குக்கரையும் மெத்தையையும் விட்டுவிட்டுப் போனவர் அவருக்கு முந்தைய சீனியர். எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும், எந்த வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டார், எல்லாம் வாட்ஸ்அப் குழுவில். இதை "நம்ம ஆளுங்க ஒற்றுமை" என்று புளகாங்கிதப்படுவது வழக்கம். நல்ல விஷயம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்யவேண்டிய வேலையை, பரீட்சைக்கும் ஆய்வுக்கும் நடுவில் திணறிக் கொண்டிருக்கும் ஒரு மாணவர் இலவசமாகச் செய்கிறார். பல்கலைக்கழகம் தன் விளம்பரத்தில் "நூறு நாட்டு மாணவர்கள்" என்று போட்டுக் கொள்கிறது.

இதில் இன்னொரு குழி இருக்கிறது, அதைப் பற்றி வெளியே பேச யாருக்கும் பிரியமில்லை. நம்ம ஆளுங்க என்றால் யார்? வரவேற்பை சமூகத்தின் கையில் விட்டால், சமூகம் தன் எல்லா வழக்கங்களையும் பெட்டியில் போட்டுக்கொண்டுதான் வருகிறது. அறைத் தோழர் தேவை என்ற அறிவிப்பில் "சைவம் மட்டும்" என்று இருக்கும். முழுப்பேரையும் ஊரையும் தெருவையும் விசாரித்துவிட்டு "ரூம் ஃபுல் ஆயிடுச்சு தம்பி" என்று பதில் வரும். அண்ணன், அக்கா, மாமா என்று ஏற்கெனவே வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு சீனியர் கிடைப்பார். குடும்பத்திலேயே முதலில் கல்லூரி வாசலை மிதித்தவருக்கு, கரிசல் காட்டில் கூலி வேலை பார்த்துப் படிக்க வைத்த அம்மாவின் மகளுக்கு, யார் இருக்கிறார்கள்? அவருக்குத்தான் நிறுவனத்தின் கை தேவை. அவரிடம்தான் நிறுவனம் நாற்பது பக்க இணைப்பை நீட்டுகிறது.

இது ஆகாத காரியம் என்றால் விட்டுவிடலாம். ஆகிற காரியம்தான். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தன் ஆய்வாளர்களுக்கு மட்டுமல்ல, கூட வரும் கணவன் அல்லது மனைவிக்கும் மொழி கற்கச் செலவு கொடுக்கிறது. ஆள் மட்டும் வருவதில்லை, குடும்பம் வருகிறது என்பதை யாரோ ஒருவர் மேஜையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஐரோப்பாவில் யூராக்ஸெஸ் என்ற பெயரில் நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் உதவி மையங்கள் இருக்கின்றன. விசா, வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வரை ஆய்வாளர்களுக்கு இலவசமாக வழிகாட்டுவது அவற்றின் வேலை. எல்லா மையமும் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம் இல்லை. ஆனால் இது தங்கள் கடமை என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாகிவிட்டது, இனி கேட்கலாம்.

கேட்க வேண்டியதும் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. முதல் மாசத்துக்கு ஒரு அறை. வீட்டுக்குப் பல்கலைக்கழகமே ஜாமீன். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாக, வந்த வாரத்திலேயே. ஒரு டாக்டரோடு அரை மணி நேரம். துறைக்குள் ஒரு ஆள், பேரோடு, நேரத்தோடு, அந்த நேரம் அவர் வேலைக் கணக்கில் எழுதப்பட்டு. "என்ன வேண்டும்?" என்று அவர் கேட்கக் கூடாது, ஏனென்றால் புதிதாக வந்தவருக்கு என்ன வேண்டும் என்றே தெரியாது. கட்டில் பக்கம் போய்ப் போர்வையைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

வெள்ளைக்காரனைத் திட்டி முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம் என்றால் அதுவும் முடியாது. நம்ம ஊருக்கு ஆராய்ச்சிக்கு வருகிறவர் கதை என்ன? ஆறு மாதத்துக்கு மேல் தங்க வந்த வெளிநாட்டவர் பதினாலு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், தங்க இடம் கொடுத்தவரும் அரசுக்குத் தகவல் தரவேண்டும். இந்தப் படிவத்துக்குப் பயந்தே பாதி வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திவிடுவார்கள். மீதிப் பேர் என்ன சமைப்பாய் என்று கேட்டுவிட்டுச் சாத்துவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்றால் கேள்வியே இல்லாமல் சாத்துவார்கள். 2016-இல் பெங்களூரில் ஒரு தான்சானிய மாணவியைக் கூட்டம் தாக்கியது. 2017-இல் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை அடித்தார்கள். இரண்டும் படிக்க வந்த பிள்ளைகளுக்கு நடந்தவை.

வெளிநாட்டவர் என்று கூட வேண்டாம். அம்பேத்கர் 1913-இல் நியூயார்க் போனபோது கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் அவருக்கு இடம் கிடைத்தது. 1917-இல் படித்துவிட்டுப் பரோடாவில் வேலைக்கு வந்தபோது தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பேர் மாற்றிச் சொல்லித் தங்கினார். சில நாளில் தடிகளோடு ஆட்கள் வந்து வெளியேற்றினார்கள். பரோடா அரசரின் உதவித்தொகையில் படித்தவர், அரசு வேலைக்கு அரசரே வரவழைத்தவர். சம்பளம் தயார், பதவி தயார், படுக்கத்தான் இடமில்லை. டிரினிட்டியாவது கம்பளி கொடுத்தது.

நெவிலுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால் கதை முடியாது. அவர் போரை வெளிப்படையாக எதிர்த்தவர். ராமானுஜன் கப்பலேறி ஊர் திரும்பிய அதே 1919-இல் டிரினிட்டியில் அவருடைய ஃபெலோ பதவி புதுப்பிக்கப்படவில்லை. ரெடிங்குக்கு வேலைக்குப் போய்விட்டார். ஆலிஸும் கூடவே போனார். அடுத்து கடல் தாண்டி வருகிறவருக்கு செஸ்டர்டன் சாலையில் கதவைத் திறக்க அந்த வீட்டில் அவர்கள் இல்லை.